சி லேப் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

இந்தப் பருவத்தில் முதலாமாண்டு சி புரோகிராமிங் லேபுக்கு என்னை டி.ஏ.வாக, அதாவது கற்பித்தல் உதவியாளராக, போட்டிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கிய வேலை. என்னோடு பி.எச்.டி. செய்பவர்கள் பெரும்பாலும் மேல்வகுப்புப் பாடங்களைத்தான் கேட்பார்கள். எனக்கு முதலாமாண்டுதான் வேண்டும்.

புளியங்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். அப்பாவுக்கு எலுமிச்சை மண்டியில் கணக்கெழுதும் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கல்லூரியில் முதல் லேப் அன்று திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். டி.ஏ.வாக இருந்த ஒரு அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்த வரி ஓடி முடிஞ்சதும் எக்ஸ்ல என்ன இருக்கும்? தாள்ல எழுதும்மா" என்றார். இன்று வரை நான் சொல்லிக்கொடுக்கும் முறை அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் பயிற்சி. எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் பாதிப் பேருக்கு விடை 0.

"அக்கா, ஃபார்முலா சரியாத்தான் இருக்கு. மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்றாள் ஒரு பெண். 5/9 என்று எழுதி, அதை 32 கழித்த வெப்பநிலையோடு பெருக்கியிருந்தாள்.

"அஞ்சை ஒன்பதால வகுத்தா ஈவு என்ன, மீதி என்ன?"

"ஈவு பூஜ்யம், மீதி அஞ்சு." சொல்லி முடிக்கும்போதே கண் விரிந்தது. இரண்டும் முழு எண்ணாக இருந்தால் சி ஈவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். அவளே 5.0 என்று திருத்திக்கொண்டாள்.

மாணவரின் கீபோர்டை நான் தொடுவதில்லை. தொட்டால் அரை நிமிடத்தில் புரோகிராம் ஓடிவிடும். அடுத்த வாரம் அதே பிழையோடு அதே மாணவர் வருவார். இதனால் வரிசை நீள்கிறது, சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஹாஸ்டல் வாசலில் சிக்குக் கோலம் போட்டேன். ஆச்சியிடம் கற்றது; வாரம் ஒரு முறையாவது கை மாவைத் தொடாவிட்டால் எனக்கு ஆகாது.

கோலமும் கம்ப்யூட்டர் அறிவியலும் ஒன்றுக்கொன்று அன்னியமில்லை என்று இங்கே படிக்கும் பலருக்குத் தெரியாது. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றி 1974லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாசல்படியிலிருந்து ஒரு கணிதக் கேள்வி எழுந்து உலக ஆய்விதழுக்குப் போயிருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது.

வியாழக்கிழமை லூப் பாடம்: ஒரே வேலையை மெஷினைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது. பயிற்சியைப் புள்ளியிலிருந்தே எடுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேர்ப்புள்ளி, 7லிருந்து 1 வரை. வரிசைக்கு 1, 3, 5, 7, 5, 3, 1 என்று திரையில் புள்ளி வர வேண்டும், மொத்தம் 25.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஏறுவதற்கு ஒரு லூப், இறங்குவதற்கு ஒரு லூப் என்று எழுதினார்கள். கை கோலம் போடும் வரிசை அதுதான். கோலமே பார்த்திராத ராஜஸ்தான் பையன் ஒருவன், நடு வரிசையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று கணக்கிட்டு, ஒரே லூப்பில் முடித்துவிட்டான். இரண்டையும் பலகையில் எழுதவைத்து ஆளாளுக்கு விளக்கச் சொன்னேன். "மேம், இதை நிஜமாகவே தரையில் போடுவார்களா?" என்று கேட்டான். ஞாயிறு காலை வந்து பார்க்கச் சொன்னேன்.

முடித்தவர்களுக்கு ஊடுபுள்ளி, 7லிருந்து 4 வரை. அதில் 37 வர வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

1லிருந்து 200 கோடிக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள். பாதி பாதியாகப் பிரித்து 31 கேள்விக்குள் மெஷின் கண்டுபிடிக்கும். பைனரி சர்ச். முதல் கேள்வி சரியாக 100 கோடி. 'அதைவிடப் பெரிது' என்றதும் அடுத்த கேள்வி -647483647! லேபே கலகலத்தது.

தாளில் கூட்டச் சொன்னேன். கீழ் எல்லை 1000000001, மேல் எல்லை 2000000000. கூட்டினால் 300 கோடியைத் தாண்டுகிறது. எங்கள் மெஷின்களில் முழு எண்ணை வைக்கும் இன்ட்டின் உச்சம் 2147483647. அதைத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடுகிறது. கூட்டிப் பாதியாக்காமல், இடைவெளியைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு சேர்த்தால் தீர்ந்தது.

ஜாவா என்ற கணினி மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்பிலும் இதே பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கிடந்தது. அந்தப் பகுதியை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006ல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதைச் சொன்னதும் பின் வரிசையில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிழை வந்தாலே தனக்கு மூளையில்லை என்று எண்ணுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) மதிப்பெண் போடுவது குறித்துப் பேராசிரியரோடு பேசினேன். சாட்ஜிபிடியில் எழுதி எடுத்து வருகிறார்கள், என்ன செய்வது என்று மற்ற டி.ஏ.க்களுக்குக் கவலை. ஒரு வரியைக் காட்டி, அது ஓடியபின் ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கும் என்று தாளில் எழுதச் சொல்லலாம், பாதி மதிப்பெண் அதற்கே கொடுக்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

வியாழன் பாயின்டர் பாடம்: ஒரு மாறி இருக்கும் இடத்தின் முகவரியை வைத்திருப்பது. முகவரி எழுதிய அட்டைப்பெட்டிகளை இன்றிரவு தயார் செய்ய வேண்டும்.