வரிசை மாறாத ஐந்து கட்டங்கள்

6 அக்டோபர் 2024, ஞாயிறு

லண்டன் ஹாரோவில் இன்று, லைசென்ஸ் எடுத்தவர்களுக்கான அட்வான்ஸ்டு டிரைவிங் பயிற்சி ஆரம்பம். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர், ஓய்வுபெற்ற ட்ராபிக் போலீஸ்காரர். பிரிட்டிஷ் போலீஸ் டிரைவர்களுக்குச் சொல்லித்தரும் அதே முறைதான் எங்களுக்கும். 1930களில் லண்டன் ஹெண்டன் போலீஸ் பள்ளியில் வேர்விட்டது.

எதிரே வருவது வளைவோ, ரவுண்டானாவோ, வழியை அடைத்து நிற்கும் லாரியோ, எதுவானாலும் ஒரே வரிசை: தகவல், இடம், வேகம், கியர், ஆக்சிலரேட்டர். முதலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ரோட்டில் நமக்குத் தோதான இடத்துக்கு நகர வேண்டும். வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்துக்கு ஏற்ற கியரைப் போட்டு, கடைசியில்தான் ஆக்சிலரேட்டர். தேவைப்படாத கட்டத்தை விட்டுவிடலாம், வரிசையை மாற்றக் கூடாது. தகவல் மட்டும் ஒரு கட்டத்தோடு முடிவதில்லை. கண்ணாடியைப் பார்ப்பது கடைசிவரை தொடரும்.

9 அக்டோபர், புதன்

வேலைக்குப் போகும் வழியில் பிரேக்கையும் கியரையும் பிரித்துப் பழகினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகே கிளட்ச். நான்கு, மூன்று, இரண்டு என்று படிப்படியாக இறங்காமல், நான்கிலிருந்து நேராக இரண்டு. இதனால் என்ன லாபம் என்பது ரவுண்டானாவில் தெரிகிறது. பிரேக் பிடிக்கும் நேரம் முழுக்க இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன, கண் வலப்பக்கம் வரும் வண்டிகள் மேலேயே இருக்கிறது.

13 அக்டோபர், ஞாயிறு

பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் பயிற்சி. பயிற்சியாளருக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். திரும்பி வரும்போது தனியாக, தமிழில். “வீட்டு வாசலில் எல்லாம் குப்பைத்தொட்டி, அடுத்த தெருவில் குப்பை லாரி நிற்கலாம். இடப்பக்கம் நிற்கும் காரில் தலை தெரிகிறது, முன்சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது, கிளம்பப் போகிறான். வேனுக்கு அடியில் ஒரு ஜோடி கால்...” அந்தக் கால்களைப் பார்த்ததும் வலப்பக்கம் ஒதுங்கி, இருபது மைல் வேகத்துக்கும் கீழே வந்தேன். வேனுக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். பிரேக்கை மிதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இந்த முறை எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். அவசரம் வந்தபின் சமாளிக்கும் சாமர்த்தியத்தை இது கற்றுத்தரவில்லை, அவசரமே வராதபடி ஓட்டக் கற்றுத்தருகிறது. லைசென்ஸ் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

20 அக்டோபர், ஞாயிறு

மழை. அமர்ஷம் ஊரைத் தாண்டி ஏ413 சாலை, அங்கிருந்து பிரியும் கிராமத்துச் சாலைகள். இரண்டு பக்கமும் வேலி, ரோடெல்லாம் ஈர இலை. இன்றைய பாடம் வளைவு.

வளைவில் ரோட்டின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோல் ஒரு புள்ளி தெரியும். அதன் மேலேயே கண் இருக்க வேண்டும். புள்ளி நம்மை நோக்கி வந்தால் வேகத்தைக் குறைக்கணும். நம் வேகத்திலேயே நகர்ந்தால் சரியான வேகம். விலகி ஓடினால் வளைவு நிமிர்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் காலி ரோட்டுக்குள், நம் பக்கத்திலேயே நிற்க முடிய வேண்டும். அறுபது மைல் வேகத்தில் காய்ந்த ரோட்டில் நிற்கவே 73 மீட்டர் வேண்டும். அதில் 18 மீட்டர், கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஓடிவிடும். ஈரத்தில் பிரேக் தூரம் இரட்டிப்பு. அந்தச் சாலைகளில் அறுபது வரை போகலாம் என்று போர்டு இருந்தும், பல வளைவுகளில் முப்பதுக்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளரும் அதையே சரி என்றார்.

ரோட்டில் புதுச் சாணம். அடுத்த வளைவிலேயே இரண்டு குதிரைக்காரர்கள். அதிகபட்சம் பத்து மைல் வேகம், குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி, இதுதான் இங்கே விதி. கையசைத்து நன்றி சொன்னார்கள்.

26 அக்டோபர், சனி

மனைவியோடு வென்டோவர் ஊர் வரை. எப்போதும் வளைவுச் சாலையில் குமட்டுகிறது என்பவள், இன்று வழியெல்லாம் போனில் எதையோ படித்துக்கொண்டே வந்தாள்.

இன்றிரவு, குளிர்கால நேரத்துக்காக இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. நாளையிலிருந்து மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அடுத்த வகுப்பு இருட்டில்தான் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்கும் வேகம் எது என்று பழகணும். காரின் முன்கண்ணாடியின் உள்பக்கத்தை இப்போதே துடைத்து வைத்துவிட்டேன்.