தாலிக்கு ரசீது கிடையாது

மலேசியாவின் குளுவாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கிறேன். விட்டுப்போனவரிடம் பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை கேட்க, சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள், எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கேட்பதில்லை. "அவர் சிங்கப்பூரில் இருக்கிறார் அண்ணே, அங்கே போய்க் கேட்க முடியுமா?" என்றுதான் தொடங்குவார்கள்.

முடியும். 1949ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, இங்கே பெற்ற பராமரிப்பு உத்தரவைச் சிங்கப்பூருக்கு அனுப்பி அங்கே நிறைவேற்றக் கோரலாம். பாலத்தைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று சில தகப்பன்மார் நினைக்கிறார்கள். பெண்களுக்கும் இந்தச் சட்டம் தெரியாததுதான் அந்தத் தகப்பன்மாருக்குத் துணிச்சல்.

எனக்கு எரிச்சலூட்டுவது பதிவு செய்யாத கல்யாணங்கள். 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். ஆனாலும் கோயிலில் தாலி கட்டிப் பந்தி போட்டதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அவன் போன பிறகு, "கல்யாணமே செல்லாது, பிள்ளைக்கு என்ன உரிமை?" என்று தோட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சை நம்பி வருடக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. உண்மையில், மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் 1950, அப்படிப் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் மாதத் தொகை கேட்க வழி தருகிறது.

இடறுவது சாட்சியத்தில்தான். பிறப்புப் பத்திரத்தில் அவன் பெயர் இல்லையென்றால் பழைய தொலைபேசிச் செய்திகள், வங்கிக் கணக்கு என்று துழாவ வேண்டும். கையில் கொடுத்த காசுக்குத் தடயமே இல்லை. ஒழுங்காகக் கொடுத்துவந்த தகப்பனும் இதனால் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வங்கி வழியாகவே வாங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

"அவன் காசு எனக்கு வேண்டாம்" என்பார்கள் சிலர். ரோஷம் புரிகிறது. ஆனால் பள்ளிக் கட்டணம் ரோஷத்தைப் பார்ப்பதில்லை. பதிவான கல்யாணம் முறிந்தவர்களுக்கு இப்போது இன்னொரு வசதியும் உண்டு: திருமணச் சட்டத்தில் வந்த 2018 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை மேற்படிப்பில் இருந்தால் 18 வயதோடு தொகை நிற்க வேண்டியதில்லை.

கொடுக்காதவனைச் சிறைக்கு அனுப்பவும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. சிறையிலிருந்து பால்மாவு வாங்கக் காசு வராது. சம்பளத்திலேயே பிடிக்கும் உத்தரவுதான் எனக்குப் பிடித்தது. அதைக் கேட்கப்போகிறோம் என்று கடிதம் போனால், அதுவரை தொலைபேசியை எடுக்காதவர்கூட நேரில் வந்துவிடுகிறார். வந்து கேட்பது ஒன்றே: "முதலாளிக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ளலாமா?"