தூண்டில் தடி வயதானால் விறைப்பை இழக்குமா?

வன்னியின் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் விரால் மீனுக்குத் தூண்டில் போடுவோர் பலர், பழைய தடி "தளர்ந்து போயிற்று" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூங்கில் தடியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. மூங்கில் ஈரத்தை உறிஞ்சும்போது அதன் விறைப்புக் குறைகிறது. மாரி முழுவதும் சுவரில் சாய்த்து வைத்தால் அந்த வளைவு நிலைத்தும் விடுகிறது.

காபன் தடியின் கதை வேறு. அதன் விறைப்பைத் தருவது இழைகளே. அவை எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தாலும் எளிதில் களைப்பதில்லை. ஆகவே நல்ல காபன் தடி மெல்ல மெல்லத் தளர்வதைவிட, கல்லில் மோதியோ படகு விளிம்பில் அடிபட்டோ ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத வெடிப்பால் ஒருநாள் சட்டென்று முறிவதே வழக்கம். கண்ணாடியிழைத் தடியும் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் வெயிலின் புறஊதாக் கதிரால் மேற்பரப்பில் சிதையத் தொடங்கினால், உள்ளிருக்கும் இழைகளுக்கு ஈரத்திலிருந்து பாதுகாப்புக் குறைகிறது.

வன்னியில் நான் அதிகம் அஞ்சுவது தகரக் கூரையின் கீழுள்ள கோடை வெக்கைக்கே. சூட்டில் பிசின் இளகுவதால், பாரம் தொங்க வளைந்தபடி கிடக்கும் தடி நிமிராமல் போகலாம். தடியைக் காயவைத்து, நூலைத் தளர்த்தி, நிழலில் நேராகத் தொங்கவிடுங்கள்.

சந்தேகமிருந்தால், அடியைக் கிடையாக இறுகக் கட்டி, நுனியில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, நுனி எவ்வளவு தாழ்கிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே எடையால் அளந்தால் விடை தெரியும். அளப்பதற்கு முன், தடியின் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகள் தேய்ந்து ஆடுகின்றனவா என்றும் பாருங்கள். தளர்வாகத் தோன்றும் பல தடிகளில் குறை அங்கேதான் இருக்கிறது.