சத்தம் எப்போது வருகிறது?

இன்ஜினில் சத்தம் என்று வண்டியைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் அதை வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். சிலர் நன்றாகவே வாசிப்பார்கள். ஆனால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, சூடான பிறகா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? ஏசி போட்டால் மாறுகிறதா?

டிக் டிக் என்று வந்து, இன்ஜின் சூடானதும் அடங்கிவிட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில், அதாவது புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகட்டில், கசிவு இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நொடி மட்டும் கடகடத்தால் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினைச் சந்தேகிப்பேன். மேடு ஏறும்போது மட்டும் கலகலவென்றால் பெட்ரோலின் தரம், ஸ்பார்க் டைமிங், கார்பன் படிவு என்று போக வேண்டும்.

சத்தத்தின் வேகமும் பேசும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால் பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க் நொடிக்கு 13 முறைக்கு மேல் சுற்றும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் அதில் பாதிதான். கேமுக்கும் வால்வுக்கும் இடையில் இருக்கும் டேப்பட்டின் சத்தம் கேமின் தாளத்தில் வரும், பிஸ்டனின் ராட் கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் ராட் பேரிங்கின் சத்தம் கிராங்கின் தாளத்தில் வரும். எண்ணிப் பார்க்க முடியாது, பழகிய காதுக்குப் பிடிபடும்.

ஆனால் தாளம் மட்டும் போதாது என்று காட்டியது ஒரு ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார். ஐடிலில் அடியிலிருந்து கனமான டொக் டொக், சரியாகக் கிராங்க் வேகத்தில். "ராட் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கேட்க அப்படியேதான் இருந்தது. எனக்கு ஒட்டாதவை இரண்டு. ராட் பேரிங் தேய்ந்தால் குறைய வேண்டிய ஆயில் அழுத்தம், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் குறையவில்லை. பிரேக்கை மிதித்தபடி டிரைவ் போட்டால் சத்தம் தணிந்தது. ராட் சத்தம் சுமை ஏறினால் பொதுவாகக் கூடத்தான் செய்யும்.

சரி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்போம் என்று இன்ஜெக்டர் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். பழைய ஆட்கள் பிளக் வயரைத்தான் பிடுங்குவார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும், ஷாக் அடிப்பது தனி. ராட் பேரிங் தேய்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் நின்றதும் சத்தம் குறையும். இங்கே எதை நிறுத்தினாலும் அதே டொக் டொக்.

அப்புறம், இன்ஜினுக்கு வெளியே இருக்கும் பாகங்களைச் சுற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். அந்த இன்ஜினில் வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டில்தான் சுற்றியது, அதனால் அதிக நேரம் ஓட்டக் கூடாது. சத்தம் போகவில்லை. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் எல்லாம் தப்பித்தன.

கடைசியில்தான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். பலர் முதலில் எடுப்பது இதைத்தான். இரும்பு சத்தத்தை எங்கும் கடத்திவிடும் என்பதால், எங்கே கேட்கிறது என்பதைவிட எங்கே அதிகம் என்பதுதான் கணக்கு. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் பலமாகவே கேட்டது. ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இன்னும் பலம்.

அங்கே அடியில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். கிராங்கையும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் விசையைக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் மெல்லிய எஃகுத் தட்டு, ஃப்ளெக்ஸ் பிளேட், நடுவிலிருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் விட்டிருந்தது. விரிசலின் இரு பக்கமும் ஒன்றோடொன்று மோதிய சத்தம்தான் அது. கிராங்கோடு சுற்றும் தட்டு என்பதால் தாளமும் ராட் சத்தத்தைப் போலவே இருந்திருக்கிறது.

கியர்பாக்ஸை இறக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. இன்ஜினோடு அதை நேராக உட்கார வைக்கும் டவல் பின்களில் ஒன்று இல்லை. முன்பு எப்போதாவது கியர்பாக்ஸைக் கழற்றினார்களா என்று கேட்டேன். "ஆமா சார், ஆயில் கசியுதுன்னு ஒரு தடவை இறக்கினாங்க" என்றார் வண்டிக்காரர். அந்தப் பின்னைப் போடாமல் புதுத் தட்டை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் விரிசல் விட்டிருக்கும்.