தாத்தாவின் தகரப்பெட்டி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் தகரப்பெட்டியை இறக்கினோம். உள்ளே 1937இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம், மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகக் கிடந்தது. 'மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று' என்று அவருடைய மூத்த அண்ணன் எழுதியிருக்கிறார். அணை கட்டி முடித்து அப்போது மூன்றே ஆண்டுகள்!

தாத்தாவுடன் பிறந்தவர்கள் 11 பேர். இரண்டு தம்பிகளோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். மற்றவர்கள் வயலோடு நின்றுவிட்டார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் வேறு. நான் எழுதிவரும் எங்கள் வம்சாவளிப் பட்டியலில் ஒரே பெயரில் ஆறு பேர். ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பட்டா, சிட்டா என்னும் நிலப் பதிவு நகல்களைப் பார்த்து, யாருக்கு எந்த வயல் என்றுதான் அவர்களைப் பிரித்தறிந்தேன்.

அந்தத் தாள்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து நாற்று நட்டவர்கள் அவர்கள்தானே? அத்தையிடம் கேட்டேன். கண்ணை மூடி, விரல்விட்டு எண்ணி, தாத்தாவின் ஆறு சகோதரிகளில் ஐந்து பேரைச் சொல்லிவிட்டார். கடைக்குட்டியின் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இன்றிரவு சித்தப்பாவை மறுபடி அழைக்கிறேன்.