நல்ல அழுகல், கெட்ட அழுகல்

2011 செப்டம்பரில் ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் ஒரு கூடையையும் கையில் கொடுத்து என்னைத் திராட்சை வரிசைக்குள் அனுப்பினார்கள். பிரான்சில், போர்தோ நகருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும், இனிப்பு ஒயினுக்குப் பேர்போன சொத்தெர்ன் வட்டாரம் அது. நான் புதுச்சேரிக்காரன். குடும்பத்துக்கு இருந்த பிரெஞ்சுக் குடியுரிமையில் பிரான்சுக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்த நாட்கள். அறுவடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அரை மணி நேரத்தில் கூடை பாதி நிறைந்துவிட்டது. பொன்னிறத்தில், தோல் மினுங்கும் அழகான கொத்துகள். பழுப்பேறிச் சுருங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தவற்றை வெட்டி மண்ணில் போட்டுக்கொண்டே போனேன். பக்கத்து வரிசையில் இருந்த அம்மாள் முப்பது அறுவடைக்கு மேல் பார்த்தவர். என் காலடியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் குனிந்து, நான் போட்ட சுருக்கப் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கூடையில் சேர்த்தார். பிறகு என் கூடையைக் காட்டி, "இவை இன்னும் மூன்று வாரம் கொடியில் இருந்திருக்க வேண்டியவை" என்றார். வெட்டியதை மறுபடி ஒட்டவைக்க முடியாது. அன்று முழுக்க என்னால் தலை நிமிர முடியவில்லை.

எங்கள் வீட்டில் அழுகல் என்றால் ஒதுக்க வேண்டியது, அவ்வளவுதான். அங்கே அழுகல் இரண்டு வகை. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. போட்ரிடிஸ் என்ற பூஞ்சணம் பழுத்த திராட்சையின் தோலை மிக நுண்ணியதாகத் துளைக்கிறது. அந்தத் துளை வழியே பழத்தின் நீர் ஆவியாகிப் போகிறது. சர்க்கரையும் புளிப்பும் உள்ளே திரண்டு நிற்கின்றன. இதே பூஞ்சணம் ஓயாத ஈரத்தில் வந்தால் பழம் நசநசத்து வீணாகிவிடும். நனையவும் வேண்டும், காயவும் வேண்டும். சொத்தெர்னுக்கு அந்த வரத்தைத் தருவது சிரோன் என்ற சிற்றாறு. மரநிழலிலேயே ஓடிவரும் அதன் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான கரோன் நதியில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். நண்பகலுக்குள் வெயில் வந்து அதை விரட்டிவிடும். பனி விலகிப் பழம் உலரும்வரை நாங்கள் காப்பிக் குவளையோடு கொட்டகையில் காத்திருப்போம்.

பழம் முழுக்கப் பூஞ்சணம் பரவிப் பழுப்பாகி, ஆனால் இன்னும் உப்பலாக இருக்கும் நிலைக்கு அங்கே 'பூரி ப்ளேன்' என்று பெயர். அதிலிருந்து வற்றி, திராட்சை வற்றல்போல் சுருண்ட நிலை 'பூரி ரோத்தி', அதாவது வறுபட்ட அழுகல். வெட்ட வேண்டியது இதை மட்டும். என் காதில் அது பூரி, ரொட்டி என்றுதான் விழுந்தது, அதனாலேயே மறக்கவில்லை. ஒரே கொத்தில் பத்துப் பழம் ரோத்தி, இருபது பழம் ப்ளேன், மீதி பச்சையும் பொன்னுமாக இருக்கும். கொத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, கத்தரிக்கோலின் நுனியால் அந்தப் பத்தை மட்டும் எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முகர்ந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் அந்த அம்மாள். நல்ல அழுகலில் தேனும் காளானும் கலந்த மணம் வரும். காடி வாடை அடித்தால் ஈ மொய்த்துப் புளித்துவிட்டது என்று பொருள். அதைக் கீழே போட்டுவிட வேண்டும். மாலையில் கையெல்லாம் சாம்பல் நிறத் தூள் அப்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இப்படி ஒரே வரிசையை ஐந்தாறு முறை, வாரக்கணக்கில் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'த்ரி' என்று பெயர்.

வரிசையில் நிமிர்ந்தால் மேட்டின் மேல் ஷாத்தோ திக்கெம் என்ற ஒயின் தோட்டம் தெரியும். சுருக்கமாக இக்கெம் என்பார்கள். நான் வேலை செய்த தோட்டமும் 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் உள்ளதுதான். மூன்றாம் நெப்போலியன் நடத்திய பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின் தரகர்கள், எந்தத் தோட்டம் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்துப் போட்ட பட்டியல் அது. சொத்தெர்ன், பார்சாக் இனிப்பு ஒயின்களில் இன்று 27 தோட்டங்கள் அந்தப் பட்டியலில் நிற்கின்றன. அவற்றில் 'முதல் தரம், உயர்வு' என்று தனியாக ஒரு படி மேலே வைக்கப்பட்டது இக்கெம் மட்டும்.

அந்த மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பெண். 1593இலிருந்து சொவாஜ் குடும்பத்தின் கையில் இருந்த நிலம் அது. அந்த வீட்டு மகள் பிரான்சுவாஸ் ஜொசெபின் 1785இல் லூர் சாலூஸ் பிரபுவை மணந்தார். மூன்றே ஆண்டில், இருபது வயதில், கணவரை இழந்தார். அடுத்த ஆண்டு புரட்சி. பிரபுக்களின் தலைகள் உருண்ட அந்தக் காலத்தில் சிறைக்குப் போய் மீண்டு, சொத்தை விடாமல் காத்தார். 1826இல் புதிய ஒயின் கூடமும் கட்டினார். பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் 1784ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த இக்கெம் ஒயினில் 250 புட்டிகள் கேட்டு எழுதியது, அந்தப் பெண்ணுக்கு மணமான சில ஆண்டுகளுக்குள்தான். இருநூறு ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பத்திடம் இருந்த தோட்டம், 1990களின் இறுதியில் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்துக்குப் போனது. அங்கே ஒரு கொடிக்குக் கிடைப்பது ஒரு கோப்பை ஒயின் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அறுவடை முடிந்ததும் என்னை நிலவறையில் உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். மற்ற ஒயின்களுக்குப் பிழியும்போது முதலில் வழியும் சாறுதான் உயர்ந்தது. இங்கே பழம் வற்றிக் கிடப்பதால் சாறு இறங்கவே மனம் வைக்காது. மூன்றாவது முறை அழுத்தும்போது கூழ்போலச் சொட்டுவதுதான் மிகவும் இனிப்பானது. அதை 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஊற்றுவார்கள். ஒவ்வொரு நாள் வெட்டியதும் தனித்தனிப் பீப்பாய். சர்க்கரை அவ்வளவு இருப்பதால், ஆல்கஹால் சுமார் 14 சதவீதத்தை எட்டும்போது ஈஸ்ட் திணறி நின்றுவிடும். மிஞ்சுகிற சர்க்கரைதான் ஒயினின் இனிப்பு. பீப்பாய் மரம் ஒயினைக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்ததை நிரப்புவது என் வேலை. அடைப்பைத் திறந்தால் சீமைமாதுளை மணம் முகத்தில் அடிக்கும். விளிம்புவரை ஊற்றி, வழிந்ததைத் துடைத்து, மூட வேண்டும். அமைதியான வேலை. வாழ்நாள் முழுக்கச் செய்யலாம் என்று தோன்றிய வேலை எனக்கு அது ஒன்றுதான்.

2012இல் மறுபடி போனேன். இந்த முறை என் கண் தேறியிருந்தது, அந்த அம்மாளே சொன்னார். ஆனால் வானம் ஒத்துழைக்கவில்லை. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. பழம் வற்றுவதற்குப் பதில் ஊறியது. வெயில் தலைகாட்டிய சில மணி நேரத்தில் ஓடிப்போய் வெட்டுவோம். பாதிக் கொத்தை முகர்ந்து கீழே போடுவோம். நவம்பரில் விரல் மரத்துப்போகும் குளிரிலும் வெட்டினோம்.

டிசம்பரில் செய்தி வந்தது: இக்கெம் அந்த ஆண்டு தன் பெயரில் இனிப்பு ஒயின் வெளியிடப்போவதில்லை. 1964, 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளிலும் அவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள். நிலவறைப் பொறுப்பாளர் எங்கள் பீப்பாய்கள் ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் குழாயால் எடுத்துச் சுவைத்தார். எங்களுக்கும் கொடுத்தார். குடிக்க நன்றாகவே இருந்தது. அதுதான் மனதைப் பிசைந்தது. அவர் தலையசைக்கவில்லை. எங்கள் தோட்டமும் பெயர் போடுவதில்லை என்று முடிவாயிற்று. பீப்பாய்க்குள் இருந்தது எங்கள் இரண்டு மாத முதுகுவலி என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளுக்கு வரவில்லை. "பெயர் போட்டிருந்தால் அடுத்த வருடம் நான் வந்திருக்க மாட்டேன்" என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு டேங்கர் லாரி வந்தது. வியாபாரிக்கு, பெயரில்லாத சொத்தெர்னாக, குழாய் போட்டு இறக்கினோம். வெறும் பீப்பாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது, ஜனவரியில் கொடி கவாத்து பண்ண ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று பொறுப்பாளர் கேட்டார். வருகிறேன் என்றேன்.