வருஷத்தில் இருபது நாள் திறக்கிற வீடு

தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் ரெடிமேட் வீட்டை விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது "சதுர அடி என்ன விலை?" என்றுதான். செட்டிநாட்டில் அதற்கும் முன்னால் வேறொன்று கேட்க வேண்டும்: இந்த வீடு வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும்? பெரிய வீட்டில் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை என்பது போதாமல், பின்கட்டை ஒட்டிய காலி இடத்தில் 600 சதுர அடிக்கு ஒன்று போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். கம்பெனிக்காரர்கள் காட்டும் மாதிரி வீடுகளோ, நாள் முழுக்க ஏசி ஓடும் சைட் ஆபீஸ்களிலிருந்து வந்தவை. பூட்டிக் கிடக்கிற பேனல் (பலகை) வீடு கெடுகிற விதமே வேறு.

இடத்தைப் பற்றி முதலில். "கழற்றி எடுத்துக்கொள்ளலாம், பங்காளிகளுக்குள் பிரச்சினை வராது" என்ற பேச்சை நம்பிப் பாகம் பிரிக்காத பொது இடத்தில் வைக்காதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, பட்டா உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ். தகர வீடு என்பதால் கட்டட அனுமதி வேண்டாம் என்று சொல்வதும் தவறு. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். கடன் வாங்குவதாக இருந்தால் கம்பெனியின் வரைபடத்தோடு முதலில் வங்கிக்குப் போங்கள். நகர்த்தக்கூடிய வீட்டை அடமானமாக ஏற்கப் பல கிளைகள் தயங்கும். நிலையான அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு நிறுத்துகிற வீடு என்று வரைபடத்திலேயே இருந்தால் பேச்சு சுலபம்.

வகை மூன்று. கன்டெய்னர் வீடு பார்க்க அழகு, படுக்கத்தான் இடமில்லை. வெளி அகலம் 8 அடி, உள்ளே 7 அடி 8 அங்குலம், இரண்டு பக்கமும் பஞ்சும் பலகையும் வைத்த பிறகு 7 அடி 4 அங்குலம். ஆறேகால் அடிக் கட்டிலைக் குறுக்கே போட்டால் கால்மாட்டில் ஓரடி மிஞ்சும். நாலு பேர் வந்து தங்குகிற குடும்பத்துக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். அடுத்தது பஃப் (பாலியூரித்தேன் நுரை) பேனல் வீடு. இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் இடையே இரண்டு தகரத்துக்கு நடுவில் நுரை நிரப்பிய பலகை. மூன்றாவது எல்ஜிஎஸ்எஃப் (லைட் கேஜ் ஸ்டீல் ஃப்ரேம்). மெல்லிய கால்வனைஸ்டு சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, இருபுறமும் சிமென்ட் போர்டு அடித்து, நடுவில் ராக்வூல் என்ற கல்பஞ்சு வைப்பது. தீக்கு இதுதான் நல்லது, ஆனால் பழகிய ஆட்கள் வேண்டும்.

எதை வாங்கினாலும் சமையலறையையும் குளியலறையையும் செங்கல்லில் கட்டிவிடுங்கள். பஃப் தீப்பிடித்தால் விடும் புகை ஆளைக் கொல்லும். வறுத்துப் பொரிக்கிற நம் அடுப்புக்குப் பக்கத்தில் அதற்கு இடமே கிடையாது. சாமி விளக்கையும் பேனலை ஒட்டி வைக்கக் கூடாது. குளியலறையிலோ, பேனல் மேல் ஒட்டிய டைல்ஸ் சுவரோடு சேர்ந்து அசைந்து இடுக்கு விடும், தண்ணீர் உள்ளே இறங்கும்.

பேனல் வாங்குவதில் ஏமாற்று நடப்பது தகரத்தின் கனத்தில். கொட்டேஷனில் 0.5 மில்லிமீட்டர் என்று இருக்கும், வருவது 0.35 ஆக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தராசுக்குத் தெரியும். 50 மில்லிமீட்டர் பேனல், இருபுறமும் 0.5 தகரம், கனமீட்டருக்கு 40 கிலோ நுரை என்றால் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 10 கிலோ வர வேண்டும். ஒரு மீட்டர் அகலம், பத்தடி நீளப் பேனல் 30 கிலோ. 0.35 தகரமென்றால் அதே பேனல் 23 கிலோதான். லாரி ஏறும் முன் தொழிற்சாலையிலேயே நாலைந்தை எடுத்து எடை போட்டுப் பாருங்கள். நுரைக்கும் சோதனை உண்டு. ஜன்னலுக்கு வெட்டிய துண்டில் தகரத்தை உரித்து, 10 சென்டிமீட்டர் சதுரமாக நுரையை மட்டும் அறுத்துச் சமையலறை மின்தராசில் வையுங்கள். 50 மில்லிமீட்டர் கனத்துக்கு 20 கிராம் காட்ட வேண்டும். எட்டுப் பத்து கிராம் காட்டி, விரலால் நெருடினால் வெள்ளை மணி மணியாக உதிர்ந்தால் அது தெர்மோகோல்.

சுவர் தரையில் உட்காரும் இடம்தான் இந்த வீடுகளின் உயிர்நிலை. பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின் மேலேயே யூ சேனலை (யூ வடிவ உலோகப் பட்டையை) அடித்து அதில் பேனலை நிறுத்திவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் சுவரில் வழியும் தண்ணீர் நேரே சேனலுக்குள் இறங்கித் தரைக்கு வரும். சிலிகான் பூசி அடைப்பார்கள், இரண்டு வெயில் கண்டதும் அது உரியும். தளம் போடும்போதே வெளி ஓரத்தில் சுற்றிலும் ஒன்றரை அங்குலம் பள்ளமாக ஒரு படி விட்டால் போதும். பேனல் அந்தப் படியில் இறங்கி நிற்கும், தண்ணீர் வெளியே போய்விடும். கொத்தனாருக்கு ஒரு சட்டப்பலகை கூடுதல் வேலை, அவ்வளவுதான். கான்கிரீட் போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது என்பதால் பேனல் கம்பெனியும் கொத்தனாரும் ஒரே வரைபடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அளவும் அப்படித்தான். 20க்கு 30 அடி வீட்டில் மூலைவிட்டம் இரண்டும் 36 அடியும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வர வேண்டும். செங்கல் வீட்டில் அரை அங்குலப் பிசகைப் பூச்சில் மறைப்பார்கள். இங்கே அதே அரை அங்குலம் கடைசிப் பேனலில் இடைவெளியாக வந்து நிற்கும்.

நம் செம்மண்ணும் செம்புராங்கல்லும் இந்த எடைக்குத் தாராளம். கண்மாய்க் கரையை ஒட்டிய களிமண்ணாக இருந்தால் மட்டும் ஐந்தடிக் குழி எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கே பெரிய கவலை காற்று. செங்கல் வீட்டில் அஸ்திவாரம் தாங்கினால் போதும், பேனல் வீட்டில் அது இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் செய்ததை மறந்துவிட முடியாது. காற்று வேகத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 அட்டவணையில் மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாம் 47 என்றே கணக்குப் போட்டுத் தரச் சொல்லி, இன்ஜினியர் கையெழுத்தோடு வாங்க வேண்டும். கூரைப் பேனலிலிருந்து அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின், பர்லினிலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தட்டு, அடித்தட்டிலிருந்து கான்கிரீட்டுக்குள் புதைந்த போல்ட் என்று பிடி எங்கும் அறுபடக் கூடாது.

வெப்பத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட 50 மில்லிமீட்டர் பஃப் வெப்பத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் நம் பழைய வீடுகள் குளிர்ந்திருப்பது தடுப்பதால் அல்ல. கனத்த சுவர் பகல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, முற்றம் சூட்டை மேலே அனுப்பிவிடுகிறது. பேனல் எதையும் வாங்கி வைக்காது. ஜன்னலைத் திறந்த கணமே வெளியே உள்ள சித்திரை வெயில் உள்ளேயும்தான். ஆகவே சுவர்க் கனத்தை 50லிருந்து 100 ஆக்கும் பணத்தை நிழலுக்குச் செலவழியுங்கள். மேற்கிலும் தெற்கிலும் ஆறடித் தாழ்வாரம். கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தனித் தூண்களில் இன்னொரு தகரக் கூரை. வெயில் மேல் தகரத்தில் நின்றுவிடும், இடைவெளியில் காற்று ஓடும், மழைச் சத்தமும் பாதியாகும். நாட்டு ஓடு ஆசை இருந்தால் தாழ்வாரத்துக்குப் போடுங்கள், பேனல் கூரைக்கு அந்த எடை ஆகாது. ஆத்தங்குடித் தரைக்கல்லும் கான்கிரீட் தளத்தில்தான். இரும்புச் சட்டத்தில் சிமென்ட் போர்டு விரித்த தரை நடக்கும்போது துளி அசையும், கல் ஒவ்வொன்றாய் விட்டுப்போகும்.

இனி பூட்டுக்குள் நடப்பவை. பேனலின் வெட்டு முனைகள் திறந்திருந்தால் எலியும் அணிலும் நுரையைக் குடைந்து குடியேறும். அடியிலும் கூரை ஓரத்திலும் ஒவ்வொரு முனைக்கும் தகர மூடி அடித்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். வடக்கே தாழ்வாகவும் எதிரே உயரத்திலும் எவர்சில்வர் வலையோடு காற்றுத் துளைகள் வேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகை ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். கதவு நிலைக்கு மரம் வேண்டாம், கறையான் அதன் வழியாகத்தான் ஏறும். குளியலறைச் சாக்கடைப் பொறியில் (நாற்றத்தைத் தடுக்கும் வளைவில்) நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றி, நாற்றமும் கரப்பானும் வரும். ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதப்படும். மின்சாரத்தில் சிக்கனம் கூடவே கூடாது. வீடே உலோகம் என்பதால் சட்டத்தைத் தனியாக எர்த் செய்து, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட வேண்டும். ஏசி, கீசர், பரண் வரும் இடங்களை முன்கூட்டியே சொல்லி உள்ளே தாங்குவதற்கு இரும்புக் குழாய் வைக்கச் செய்யுங்கள். வெறும் பேனல் கனத்தைத் தாங்காது.

வீட்டை அறையாகவே லாரியில் கொண்டுவருவதாக இருந்தால் தெருவை அளக்க வேண்டும். லாரித் தளத்தோடு உயரம் 13, 14 அடி வரும், மின்கம்பி தட்டும். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற நம் அமைப்பு இங்கே கைகொடுக்கும். பின்தெருவில் கிரேன் நிறுத்தலாம். 12 டன் கிரேன் என்றாலும் கையை நீட்ட நீட்டத் தூக்கும் சக்தி குறையும். எத்தனை அடி தள்ளி இறக்க வேண்டும் என்று அளந்து சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கொட்டேஷனில் அஸ்திவாரம், லாரி, கிரேன், செப்டிக் டேங்க், வயரிங், 18 சதவீத ஜிஎஸ்டி இவை ஒவ்வொன்றும் உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். பணத்தை அட்வான்ஸ் 30, தொழிற்சாலையில் எடை பார்த்த பிறகு 50, நிறுத்தி முடித்துத் தண்ணீர்ச் சோதனைக்குப் பின் 10 சதவீதம் என்று பிரிக்கலாம். சோதனைக்கு ஹோஸ் குழாயைக் கீழ் இணைப்பில் தொடங்கி, ஒவ்வோர் இணைப்பிலும் பத்து நிமிஷம் பிடித்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த இடுக்கு ஒழுகுகிறது என்று தெரியாது. மீதி 10 சதவீதம் ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து, மார்கழியில் பூட்டைத் திறந்து தரையோரம் காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகு.